பாம்புக்கு அளந்த மருந்து

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் வருவது தர்மபுரம். வயலும் தோட்டக்காணியும் பற்றையும் கலந்த ஊர். காலபோக நெல் முற்றும் நாட்களில் எலி வயலுக்கு வரும். எலியைத் தேடிப் புடையன் வரும். தமிழ்நாட்டார் கண்ணாடி விரியன் என்பது இதைத்தான். பொழுதுபட்ட பிறகு வரம்பால் நடந்தவரின் கால் அதில் படுவது வன்னியில் புதினமல்ல. 2012, 2013 ஆண்டுகளில் வீடு வீடாக விசாரித்து எடுத்த கணக்கின்படி, இலங்கை முழுவதிலும் ஓராண்டில் சுமார் 80,000 பாம்புக்கடிகள், 400க்கு மேற்பட்ட சாவுகள்.

கடிபட்டு வைத்தியசாலைக்கு வந்தவருக்கு உடனே விஷமுறிவு மருந்து ஏற்றிவிடுவதில்லை. கொஞ்சம் இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். தயிர்போல உறைந்திருந்தால் நல்லது. தண்ணியாக ஓடினால் புடையனின் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த விஷம் இரத்தத்தை உறைய வைக்கத்தான் பார்க்கிறது. உறைதலுக்கான புரதங்களைக் கண்டபடி தூண்டி, உள்ள இருப்பு முழுவதையும் வீணாகச் செலவழிக்க வைக்கிறது. இருப்புத் தீர்ந்தபின் ஈறாலும் சிறுநீராலும் இரத்தம் கசியும். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் உறைதலைத் தொடக்கி வைப்பதே கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாத மருந்தை ஏற்ற வைத்துவிடும்.

அடுத்தது அளவு. பிள்ளைக்கு நிறை பார்த்து மருந்தைக் குறைத்துக் கொடுப்பது தாதியர் படிக்கும் முதற்பாடங்களில் ஒன்று. விஷமுறிவு மருந்து அந்தப் பாடத்துக்கு அடங்காது. நாலு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது அப்புவுக்கும் அதே எண்ணிக்கைக் குப்பிகள்தான். பத்து, சிலவேளை இருபது. மருந்து பொருதுவது உள்ளே போன விஷத்தோடு. பாம்பு ஆள் பார்த்து அளந்து கொத்துவதில்லையே! பிள்ளைக்குக் குறைப்பது மருந்தோடு கலக்கும் சேலைனை மட்டும்.

முதல் தடவை ஏற்றியும் இரத்தம் உறையவில்லை என்றால் பதறி இன்னொரு தடவை ஏற்றக்கூடாது. தீர்ந்துபோன புரதங்களை ஈரல் திரும்பச் செய்துமுடிக்க ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பிடிக்கும். அதன் பிறகுதான் மறுபடி கண்ணாடிக் குழாய்.

குப்பிக்குள் இருப்பது உலர்ந்த வெண்தூள். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்து உலர்த்தியது. இலங்கைக்கு இது நெடுங்காலமாக இந்தியாவிலிருந்துதான் வருகிறது. அங்கே மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பேர் பெற்றவர்கள், 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். தூளில் நீர் விட்டதும் குப்பியைக் குலுக்கக்கூடாது. நுரைத்தால் புரதம் கெடும். கைக்குள் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். அவசரத்தில் இருபது குப்பிகளை அப்படிச் சுழற்றுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

குதிரையின் புரதத்தை மனித உடல் இலேசில் ஏற்காது. இலங்கை வைத்தியசாலைகளில் 1007 பேரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில் நால்வரில் மூவருக்கு ஒவ்வாமை வந்தது. பலருக்குக் கடுமையாகவே வந்தது. வழக்கமாகத் தடுப்புக்குப் போட்டுவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் தடுக்கவில்லை. தடுத்தது, மருந்து ஏற்றுமுன் தோலுக்குக் கீழே போட்ட கால் மில்லிலீற்றர் அட்ரினலின். முதல் ஒரு மணித்தியாலத்தில் வரும் கடும் ஒவ்வாமையை அது 43 வீதம் குறைத்தது. உலகுக்கு இலங்கை கொடுத்த அறிவியலில் இந்தச் சின்ன ஊசிக்கு உரிய பேர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அட்ரினலின் விளையாட்டுப் பொருளல்ல. தடுக்க, கால் மில்லிகிராம் தோலுக்குக் கீழே. ஒவ்வாமை வந்துவிட்டால் அரை மில்லிகிராம் தொடைத் தசைக்குள். இதயம் நின்றால் அதே மருந்து நாளத்துக்குள். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று இரண்டு செறிவுகள் உண்டு. ஒரு சைபர் மாறினால் பத்து மடங்கு. தசைக்குரியது தவறி நாளத்துக்குள் போனால் இரத்த அழுத்தம் எகிறும். இரத்தம் உறையாத நோயாளிக்கு அது மூளையில் கசிவாக முடியலாம். சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று தாதியர் மனப்பாடம் செய்யும் ஐந்தில் ‘வழி’ என்ற சொல்லின் கனம் இங்கேதான் தெரியும்.

சேலைன் ஏறத் தொடங்கியதும் மிஸி, அதாவது தாதி, கட்டிலை விட்டு நகராமல் நிற்பது ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கத்தான். “மிஸி, உடம்பு கடிக்குது” என்று நோயாளி அரிப்பைச் சொன்னால், முதலில் குழாயைப் பூட்டுவார். அட்ரினலின் போட்டு, ஆள் தேறியதும் மறுபடி திறப்பார். பயந்து ஒரேயடியாக நிறுத்தினால் விஷம் உள்ளே அப்படியே இருக்கும்.

கடிபட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் தர்மபுரம் வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ வந்து சேருங்கள். சேலைன் ஏறும்போது உடம்பில் எங்காவது கடித்தால், சின்ன விஷயந்தானே என்று பொறுத்துக் கிடக்காமல் மிஸியைக் கூப்பிடுங்கள்.