பிரத்தியேகக் கோப்பைப் பிறர் கையில் கொடுக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் குடியிருந்து, பங்சார் சவுத்திலும் சைபர்ஜெயாவிலும் உள்ள மென்பொருள் ஸ்தாபனங்களில் உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர்களிடையே சகஜமாகிவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருடைய கணினியில் முதல் நாளன்று 'பில்ட்' (நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலை) ஓடாமல் நின்றுவிட, அடுத்த மேசையிலிருக்கும் அனுபவஸ்தர் தம்முடைய 'செட்டிங்ஸ்' கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதப் போட்டுப் பாரு தம்பி, ஓடிரும்லா" என்கிறார், பில்டும் ஓடிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இவ்வுபகாரத்தின் அபாயத்தை இருவருமே உணர்வதில்லை.

மேவன் என்னும் பில்ட் கருவி தன் அமைப்புகளை இரண்டு இடங்களில் தேடுகிறது: கருவி நிறுவப்பட்ட இடத்தில் எல்லோருக்கும் பொதுவான கோப்பு ஒன்று, பயனரின் சொந்த ஹோம் ஃபோல்டரில் '.எம்2' என்பதனுள் அவருக்கே பிரத்தியேகமான கோப்பு ஒன்று. இரண்டும் முரண்பட்டால் பிந்தியதே செல்லும். ஸ்தாபனத்தின் மென்பொருள் பொதிகளை வைத்திருக்கும் தனிக் களஞ்சியத்தைத் திறக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழக்கமாக அந்தப் பிரத்தியேகக் கோப்பிலேதான், பல வேளைகளில் எவரும் வாசிக்கக்கூடிய வெற்றெழுத்திலேயே, இருக்கின்றன. மறையெழுத்தாக்கி வைக்கும் வசதி மேவனில் உண்டென்றாலும், அதை அவிழ்க்க உதவும் துணைக் கோப்பையும் சேர்த்தே அனுப்பிவிட்டால் மறைத்ததில் பிரயோஜனமில்லை. அன்று முதல் புதியவர் அக்களஞ்சியத்தில் செய்வதெல்லாம் மூத்தவரின் பெயரிலேயே பதிவாகும். விபரீதம் நிகழ்ந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் உபகாரம் செய்தவரே.

கருவிக்குக் கருவி விதி மாறுவதையும் அறிந்திருப்பது அவசியம். கிரேடல் என்னும் இன்னொரு பில்ட் கருவியில் பயனரின் ஹோம் ஃபோல்டரிலுள்ள அமைப்பு, புராஜெக்ட் அமைப்பை மேவி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிர்வகிக்கும் என்பிஎம்மிலோ புராஜெக்ட்டிலுள்ள '.என்பிஎம்ஆர்சி' கோப்பே மேலோங்கும். ஆகவே கடவுச்சொல்லுக்கு ஈடான டோக்கனைப் புராஜெக்ட்டிலேயே எழுதிவிடும் சபலம் என்பிஎம் பயனருக்கு எளிதில் உண்டாகிறது. அடுத்த கமிட்டில் அது, நிரலின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட்டுக்குள் போய்விடுகிறது. புராஜெக்ட் கோப்பில் சூழல் மாறியின் பெயரை மட்டும் எழுதி, டோக்கனை அந்த மாறியின் மதிப்பாகத் தம் கணினியிலேயே வைத்துக்கொள்வதே முறை.

இது வீண் அச்சமன்று. 2016இல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் கிடந்த அணுகல் சாவியைக் கொண்டே சுமார் 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 செப்டம்பரில் பரவிய 'ஷாய்-ஹுலூத்' என்னும் புழுவோ, நிரலாளர்களின் கணினிகளில் என்பிஎம் டோக்கன்களைத் தேடியெடுத்து, அவர்கள் பெயரிலேயே நஞ்சு கலந்த பொதிகளை வெளியிட்டது.

மலேசியச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லை அதிகாரமில்லாத ஒருவருக்கு நேராகவோ மறைமுகமாகவோ தெரிவிப்பதையே குற்றமாக்கி, 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பை விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை ஸ்தாபனம் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்கும், அதிலிருந்து ஏழு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவித்தாக வேண்டும். வாடிக்கையாளராகிய நமக்கோ, நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழை திருத்தச் சொல்லவும், ஆணையரிடம் முறையிடவும் உரிமை உண்டு. ஆனால் அரசாங்கத்தை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

டோக்கன் வெளியே போய்விட்டதென்று தெரிந்தால் பலர் பதறிப்போய்க் கோப்பை அழித்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஆனால் கிட்டின் சரித்திரத்தில் டோக்கன் அப்படியே கிடக்கும். முதலில் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். பிறகு மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் யார் நுழைந்தார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவையிலும் புகார் செய்யலாம். தண்டனைக்கு அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்குக் கொடுக்கும் அவகாசம்.

குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிதாக வருகிறவருக்கு அவர் வந்து சேரும் நாளிலேயே அவர் பெயரில் தனி டோக்கன் கொடுத்துவிடுங்கள், எவரும் எவரிடமும் கோப்பை இரவல் கேட்க வேண்டிய நிலையை வைக்காதீர்கள்.