பாறையை நகர்த்தும் நால்வர்

மாதனூர் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனிக்குப் போகும் தம்பி ஒருவர் மெரினாவில் எடுத்த படத்தைக் காட்டினார். பின்னால் உழைப்பாளர் சிலை. “இந்த நாலு பேரும் எந்தக் கட்சித் தலைவருங்கண்ணா?” என்று கேட்டார்.

தலைவர்கள் இல்லை தம்பி, கூலிக்காரர்கள். பேர் கிடையாது. கடற்கரைச் சிலைகளில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்று வந்தார். நம்ம ஊர்த் தோல் லோடு போய் இறங்கும் பெரியமேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்தப் பள்ளி. அவர் மல்யுத்தமும் பழகியவர். பாரத்தைத் தள்ளும்போது எந்தத் தசை புடைக்கும், முதுகு எங்கே வளையும் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும்தான் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். 1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முதல்நாள், சிலை அங்கே நின்றது.

“மொத்தமும் கெட்டி வெண்கலமாண்ணா?”

இல்லை. சுவாமிமலைச் சின்ன விக்கிரகங்கள் கெட்டி வார்ப்பு. இவ்வளவு பெரிய உருவத்தை அப்படி வார்த்தால் எடை தாங்காது, ஆறும்போது விரிசலும் விடும். அதனால் முதலில் களிமண்ணில் உருவம். அதன்மேல் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் ஒரு உள்கரு வைத்து, இரண்டுக்கும் நடுவில் விட்ட சந்தில், செம்பும் வெள்ளீயமும் கலந்த குழம்பை 1000 டிகிரிக்கும் மேலான சூட்டில் ஊற்றுவார்கள். உள்ளே வெற்றிடம், வெளியே ஓடு. துண்டு துண்டாக வார்த்துப் பொருத்துவதும் உண்டு. உப்புக்காற்று பட்டுப்பட்டு மேலே ஒரு படலம் படியும். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே காப்பு.

இடமும் பொருத்தமான இடம். 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இதே கடற்கரையில்தான். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிப் பக்கம், இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே.

தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “கால்ல செருப்பே இல்லண்ணா.”

செருப்புக்கு அப்பர் தைக்கிறவர் கண்ணுக்கு முதலில் அதுதானே படும். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களும் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். ஊறிக் கனத்த மாட்டுத்தோலைக் குழியிலிருந்து இழுக்கும்போது அவர்கள் முதுகும் இந்தச் சிலையில் இருப்பதுபோலத்தான் வளைந்தது. நாலு தலைமுறை அந்தக் குழியில் நின்றதால்தான் இன்று ஆம்பூர் ஷூ வெளிநாட்டுக்குப் போகிறது.

தம்பியின் அப்பா டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்தவராம். அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அவர் நின்று பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.