உறங்கும் காரும் உறங்காத பாட்டரியும்

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாஸடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும் அவ்வண்டியைப் போற்றி வைத்திருக்கும் இல்லங்கள் இன்றும் உண்டு. அவற்றுள் பல மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கின்றன. ஒருநாள் ஆசையோடு சாவியைத் திருப்பினால், 'டிக்' என்ற ஓசை மட்டுமே எழுகிறது. கார் ஓய்வெடுத்தது உண்மை. ஆனால் பாட்டரி ஓய்வெடுக்கவில்லை!

பாட்டரியின் உள்ளே நடப்பது என்ன? நேர்த்தகட்டில் காரீய டையாக்ஸைடு, எதிர்த்தகட்டில் நுண்துளைகள் நிறைந்த காரீயம், இடையே நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் செலவாகும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றினால் அது பழைய பொருள்களாக மாறிவிடுகிறது. கம்பிகளைக் கழற்றி வைத்தாலும் பாட்டரி தானாகவே மெல்ல மெல்ல மின்னிழக்கும். வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் இவ்விழப்பின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். அப்படியே விட்டுவைத்தால் சல்பேட்டின் நுண்படிகங்கள் பருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுப் பயன் கிடைக்காது.

ஆகவே, காரை நிறுத்து முன் பாட்டரியை முழுதும் மின்னேற்ற வேண்டும். சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாதிருப்பது நலம். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்கு இறங்கியிருந்தால் மீண்டும் மின்னேற்றுக. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பார் உளர். டைனமோ பொருத்திய பழைய வண்டிகளில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றம் நிகழ்வதே அரிது. கிளப்பச் செலவான மின்சாரம்கூடத் திரும்பாது. தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, அமிலத்தை ஊற்றாதீர்.

அடுத்து, முனைகள். அமில ஆவி பட்டு அவற்றில் வெண்மையாகவும் நீலமாகவும் பூத்து நிற்கும் படிவு அற்பமானதன்று. எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். அப்படிவின் தடை 0.02 ஓம் மட்டுமே என்றாலும், ஓம் விதிப்படி 3 வோல்ட் அங்கேயே வீணாகும். பாட்டரி நன்றாக இருந்தும் கார் கிளம்பாததன் மர்மம் பல வேளைகளில் இதுவே.

முனைகளைக் கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. காரின் உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். பெரும்பாலும் அது எதிர்முனை. சில பழைய வண்டிகளில் நேர்முனை. வரிசை மாறினால், ஸ்பானர் காரின் உடலில் பட்டுப் பெருந்தீப்பொறி பறக்கலாம். ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து, அக்கரைசல் பாட்டரியினுள் புகாதபடி மூடிகளை இறுக்கிவிட்டு, முனைகளைத் தேய்த்துக் கழுவுக. நுரை அடங்கினால் அமிலம் அடங்கியது. ஈரம் துடைத்துக் கம்பிகளை இறுக மாட்டியபின், மேலே வாசலைன் தடவுக.

ஓர் எச்சரிக்கை: மின்னேற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக் கூடியது. காற்றோட்டம் வேண்டும், அருகில் தீக்குச்சி கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிக.

விடுதியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். அதன் பாட்டரி மூடிய வகையானால் நீர் ஊற்றும் வேலை இல்லை. மின்னேற்றும் கடமை மட்டும் நீங்காது.