'ஒண்ணுமே நடக்கலயே!' - மெதுவான, இருண்ட ஆல்பங்களை ஏன் சிலர் விடாமல் கேட்கிறார்கள்?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் விடியும் முன் காரில் போயிருக்கிறீர்களா? இருட்டில் சுண்ணாம்புக்கல் மலைகள் நிழலாகத் தெரியும். ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற இடத்தில் இப்போது வரிசையாகச் செம்பனை. அந்த நேரத்தில் ரேடியோவில் குத்துப்பாட்டு போட்டால் ஒட்டவே ஒட்டாது.

அந்த நேரத்துக்கென்றே செய்தது போன்ற ஓர் ஆல்பம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் பனி உறையும் ஊர்க்காரர்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரத்தைச் சேர்ந்த 'லோ' என்ற இசைக்குழு 1994இல் வெளியிட்ட முதல் ஆல்பம், 'ஐ குட் லிவ் இன் ஹோப்'. நம்பிக்கையோடு என்னால் வாழ முடியும் என்று தலைப்பு சொல்கிறது. உள்ளே இருக்கும் இசை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

பதினொரு பாட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே வார்த்தையில் தலைப்பு. கிதார், பாஸ், டிரம், இரண்டு குரல் என்பதோடு சரி. கிதார் வாசித்துப் பாடியவர் அலன் ஸ்பார்ஹாக். டிரம் வாசித்துக் கூடப் பாடியவர் அவர் மனைவி மிமி பார்க்கர். மிமியிடம் பெரிய டிரம் செட் எல்லாம் கிடையாது. ஓரிரு டிரம், ஒரு சிம்பல், அவ்வளவுதான். நின்றுகொண்டே பிரஷ்ஷால் தடவுவது போல வாசிப்பார். இந்த வகை இசைக்குப் பிறகு 'ஸ்லோகோர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படி அழைக்கப்பட்ட பலருக்கே அந்தப் பெயர் பிடிக்காது.

முதல் தடவை கேட்கும்போது உங்களுக்கும் இப்படித் தோன்றலாம்: "என்னடா இது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்? ஒண்ணுமே நடக்கலயே!" இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ரசிகர்களும் உண்டு, "உனக்கு இசை புரியல" என்பார்கள். அவர்களை விட்டுத்தள்ளுங்கள். நீங்கள் சொன்னது சரியான வர்ணனைதான். உண்மையிலேயே அதில் அதிகம் நடப்பதில்லை. பிடிக்காதவரும் பிடித்தவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்.

ஒரே மேடை, இரண்டு கருத்து

இதற்கு நல்ல உதாரணம் 2013 ஜூனில் நடந்தது. மினியாபொலிஸ் நகரில் 'ராக் தி கார்டன்' என்ற திறந்தவெளி விழா. மழை நாள். கூட்டம் ஐந்தாறு பாட்டாவது எதிர்பார்த்தது. லோ குழு ஒரே ஒரு பாட்டை எடுத்து, நீண்ட ரீங்காரம் போல 27 நிமிடம் வாசித்துவிட்டு இறங்கியது. 1996இல் வந்த பழைய பாட்டுதான் அது. வாசித்து முடித்ததும் ஆளில்லா விமானத் தாக்குதல்களை எதிர்த்து ஸ்பார்ஹாக் ஒரு வரி சொன்னார். ஆங்கிலத்தில் 'டிரோன்' என்றால் ரீங்காரமும்தான், அந்த விமானமும்தான்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவனை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு பக்கம். வாழ்க்கையில் மறக்கவே முடியாத அரை மணி நேரம் என்று இன்னொரு பக்கம். என் கணக்கில் இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. மழையில் நனைந்துகொண்டு தெரிந்த பாட்டுக்காகக் காத்திருப்பவரிடம் போய் ரசனையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

ஆரம்ப நாட்களிலும் இதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ராக் என்றால் காது கிழியும் சத்தம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மெதுவாக, அடக்கி வாசித்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இவர்கள் தொடங்கினார்கள். பார்வையாளர்கள் பேச ஆரம்பித்தால் மற்ற குழுக்கள் சத்தத்தைக் கூட்டும். இவர்கள் இன்னும் குறைப்பார்கள். கேட்க வேண்டுமென்றால் நீங்கள்தான் வாயை மூட வேண்டும்.

மெதுவாகப் போனால் மூளை என்ன செய்யும்?

தாளம் என்பது அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே ஊகிப்பது. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 2 விநாடிக்கு மேல் போனால் நமக்கு அது தாளமாகவே கேட்காது, தனித்தனிச் சத்தமாகிவிடும். ஸ்லோகோர் அந்த எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றுகொள்கிறது. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் நீங்கள் காத்திருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் சிலருக்கு அலுப்பு வரும், சிலருக்குப் பழைய ஞாபகம் வரும்.

ஞாபகம் என்பது சும்மா சொன்னதல்ல. பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லிலா தருஃபியும் ஸ்டெஃபன் கோல்ஷும் 2014இல் ஆசியர்களும் மேற்கத்தியர்களுமாக 772 பேரிடம் சோக இசை பற்றிக் கேட்டார்கள். அது அதிகமாகக் கிளப்பும் உணர்வு சோகம் அல்ல, பழைய நினைவின் ஏக்கம் என்று தெரிந்தது.

பேராக்கில் வளர்ந்தவருக்கு இந்த ஏக்கத்தை விளக்கத் தேவையில்லை. தாத்தா பாட்டி இருந்த லயம் இன்று இல்லை, பெரட்டுக்களம் இல்லை, சில இடத்தில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களும் அடங்கிப் போயின. டுலூத்தும் இரும்புத்தாது ஏற்றும் துறைமுக ஊர். அங்கிருந்த பெரிய எஃகு ஆலை 1970களில் படிப்படியாக நின்றது. அதனால்தான் இசை இப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இசையை ஈப்போவில் கேட்டால் அந்நியமாக இல்லை.

நம்மிடம் இல்லாததா?

இந்த ஆல்பத்தில் கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடும் ஒரு பாட்டுக்குத் 'தாலாட்டு' என்றுதான் பெயர், ஆங்கிலத்தில். நம் தாலாட்டை யோசித்துப் பாருங்கள். வாத்தியம் இல்லை. ஒரே குரல், இரண்டு மூன்று சுரம், திரும்பத் திரும்ப. குழந்தைக்கு அர்த்தம் புரியாது என்ற தைரியத்தில், பாடுகிறவள் தன் மனக்குறையையும் அதற்குள் சொல்லிவிடுவாள். இருட்டோடு எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போன அம்மாக்களின் ஊர் இது. காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அந்த அவசரத்துக்கு நடுவே மெதுவான பாட்டு ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த ஓய்வு.

உடனே "ஒப்பாரிதான் நம்ம ஸ்லோகோர்" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். ஒப்பாரி ஊர் கூடி வாய்விட்டு அழுவது. இது அறைக்குள் தனியாக இருந்து வாய்விடாமல் இருப்பது.

அந்தத் தனிமையில் ஒரு கவனமும் தேவை. சோகப் பாட்டு எல்லாருக்கும் மருந்து ஆகாது. ஒரே வருத்தத்தை மனதில் சுற்றிச் சுற்றி ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு மனநிலை இன்னும் கீழே போகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாட்டு முடிந்தபின் மனம் லேசாகிறதா, கனக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். தினமும் கனத்தால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். ஈப்போவிலும் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறார்கள்.

மிமி பார்க்கர் 2022 நவம்பர் 5ஆம் தேதி புற்றுநோயால் காலமானார், வயது 55. லோ குழுவும் அதோடு நின்றது. இப்போது முதல் தடவை இந்த ஆல்பத்தைக் கேட்கும் நீங்கள், 1994இல் கேட்டவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

முழுசாக உட்கார முடியாவிட்டால் கடைசிப் பாட்டை மட்டும் போடுங்கள். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த பாட்டுதான். 'யூ ஆர் மை சன்ஷைன்', சின்ன வயதில் கைதட்டிப் பாடியிருப்பீர்கள். லோ அதை அவசரமில்லாமல் பாடும்போதுதான் வரிகள் காதில் விழும். காதலி பக்கத்தில் இருப்பதாகக் கனவு கண்டு, விழித்துப் பார்த்தால் ஆள் இல்லாமல் அழுகிறவனின் பாட்டு அது. நாம்தான் அதைக் கைதட்டிக்கொண்டே பாடியிருக்கிறோம்.