ஒரு கூம்பும் ஏழு வாத்தியக்காரர்களும்

வாத்தியகோஷ்டி ஒன்று வாசிக்கும்போது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் வைத்துத் தனித்தனியே பதிந்துகொண்டு, பின்னர் வேண்டியதை ஏற்றியும் வேண்டாததை இறக்கியும் கலந்துவிடும் வசதி இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. மைக்கும் இன்றி, மின்சாரத்தின் துணையும் இன்றி, கோஷ்டி முழுவதன் நாதத்தையும் ஒரே கூம்பின் வழியே இசைத்தட்டில் ஏற்றிய காலம் 1925ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அக்கருவியின் அமைப்பு மிக எளியது. அகன்ற வாயுள்ள கூம்பு காற்றின் அதிர்வுகளைத் திரட்டி அதன் ஒடுங்கிய முனையில் பொருத்தப்பட்ட மெல்லிய தகட்டின்மேல் செலுத்த, அத்தகடு நடுங்க, அதனோடு இணைந்த ஊசி, இளஞ்சூட்டில் மிருதுவாக்கப்பட்டுச் சுழன்றுகொண்டிருக்கும் மெழுகுத்தட்டில் அந்நடுக்கத்தையே கோடாகக் கீறிச் செல்லும். மனிதச் செவி சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அறிய வல்லது. இக்கூம்போ ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையில்தான் செவ்வையாகப் பிடிக்கும். பெருக்கவோ குறைக்கவோ விசை ஏதும் இல்லை. ஆகையால் வாத்தியங்களின் அளவைச் சமன் செய்ய எஞ்சியிருந்த ஒரே உபாயம் தூரம்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 5, 6 தேதிகளில், சிக்காகோ நகரின் லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்தில் புகழ்பெற்றிருந்த கிங் ஆலிவரின் ஜாஸ் கோஷ்டி, இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜெனெட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தது. பியானோத் தொழிற்சாலை ஒன்றன் வளாகத்தில், இருப்புப்பாதையை ஒட்டி நின்ற கட்டடம் அது. ரயில் கடந்துபோகும்போதெல்லாம் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஆலிவரும் அவருடைய சிஷ்யர் என்றே சொல்லத்தக்க இருபத்தொரு வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கும் கார்னெட் ஊத, இளைஞரின் ஊதல் குருவின் நாதத்தை மூழ்கடித்துவிடவே, அவரை மற்றவர்களிடமிருந்து பல அடி தள்ளி ஒரு மூலையில் நிறுத்தினார்கள். அப்போது அவர் முகம் வாடி நின்றதை, பியானோ வாசித்தவரும் மறு ஆண்டில் அவரை மணந்தவருமான லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் ஆம்ஸ்ட்ராங்கின் தனி வாசிப்பு முதன்முதலாகத் தட்டில் ஏறியதும் அதே பதிவில்தான். ‘சைம்ஸ் ப்ளூஸ்’ என்னும் உருப்படியில் அதைக் கேட்கலாம்.

தூரத்தாலும் தீராத சங்கடங்கள் இருந்தன. பெருமுரசின் அடி ஊசியை நிலைகுலையச் செய்துவிடும் என்பதால் கோஷ்டியின் முரசுக்காரர் பேபி டாட்ஸ் அதை ஒதுக்கிவிட்டு மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காத்தார். மந்திர ஸ்தாயியைக் கூம்பு ஏற்காதபடியால் பில் ஜான்சன் பெரிய பாஸ் வாத்தியத்தை விட்டுப் பாஞ்சோவைக் கையிலெடுத்தார். இத்தட்டுகளை மட்டுமே கேட்டு, அக்காலத்து ஜாஸில் முரசுக்கு இடமில்லை என்று முடிவு கட்டுவோர் கருவியின் ஊனத்தைக் கலையின் இலட்சணமாகக் கொண்டவர்களாவர். இன்னொன்றும் உண்டு: மெழுகில் விழுந்ததை அழிக்கவோ ஒட்டவோ இயலாது. ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ பதிவாகையில் தம் முறை வந்ததை டாட்ஸ் மறந்துவிட, அந்த வெற்றிடத்தை நிரப்ப ஜான்சன் எழுப்பிய கூவல் தட்டிலேயே நிலைத்து, நாளடைவில் அவ்வுருப்படியை வாசிப்போர் விடாது எழுப்பும் அங்கமாயிற்று.

தூரத்தால் அளவைச் சமன் செய்யும் வித்தை கூம்போடு மறைந்துவிடவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பரில், கௌபாய் ஜங்கீஸ் கோஷ்டி கனடாவின் டொராண்டோ நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ‘த டிரினிட்டி செஷன்’ என்னும் தொகுப்பைப் பதிந்தபோது, பொறுப்பேற்றிருந்த பீட்டர் மூர் கையாண்டது ஒரே ஒரு மைக். அதைச் சுற்றி வாத்தியங்களை முன்னும் பின்னும் நகர்த்தி, கேட்டு, மீண்டும் நகர்த்துவதிலேயே பல மணி நேரம் கழிந்தது. இத்தகைய இடங்களில் தூரம் இரண்டு காரியங்களைச் செய்கிறது: வாத்தியம் விலக விலக அதன் நேர் ஒலி மெலிகிறது, சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அந்த அளவுக்கு மெலிவதில்லை. ஆகவே பின்னே தள்ளப்பட்ட முரசு சன்னமாக ஒலிப்பதோடு, மண்டபத்தின் ஆழத்திலிருந்து வருவதாகவும் தோன்றும். ஒரே மைக்கோடு பதியப் புகுவோர் முதலில் முரசையும் ஊதுவாத்தியங்களையும் பின்னே நிறுத்தி, பாடுபவரை அருகே அழைத்து, ஒரு சரணம் பதிந்து கேட்ட பிறகே இடங்களை உறுதி செய்வது நலம்.