அஞ்சத்தக்க நாயை ஏன் வளர்க்கிறார்கள்?

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் புகுந்து, நெய்யாற்றின்கரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையினின்றும் இருமருங்கும் கிளை பிரியும் ஊர்வழிகளில் இறங்கி நடப்பவர், ரப்பர் விளைகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே, வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தால் எழும்பிய விசாலமான வீடுகளையும், நாய் உண்டு, ஜாக்கிரதை என்று எச்சரிக்கும் கேட்டுப் பலகைகளையும் காணலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் அந்த எல்லைக்கோடு மொழியையும் பந்துத்துவத்தையும் அறுக்கவில்லை, வீட்டைக் காக்கும் கவலையும் இருபுறத்தாருக்கும் ஒன்றுதான். முன்பு அந்தக் கவலைக்கு ஒரு நாட்டு நாய் போதுமாயிருந்தது. இன்று ராட்வீலரையும் டாபர்மேனையும் தேடுகிறார்கள்.

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. பிள்ளைகள் கடல் கடந்து சம்பாதிக்க, பத்துப் பேர் வாழக்கூடிய வீட்டில் வயோதிகத் தம்பதிகள் இருவர் மட்டும் இராப்பொழுதைக் கழிக்கும்போது, சருகு அசைந்தாலும் நெஞ்சு பதைக்கத்தான் செய்யும். "கடிக்க வேண்டாம், கண்டால் பயந்தால் போதும்" என்று சொல்லி நாய் வாங்குகிறவர்கள், விலை கொடுப்பது அதன் கியாதிக்குத்தான். டாபர்மேன் என்ற இனமே இத்தகைய தேவையில் பிறந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்த லூயி டாபர்மேன் என்பவர், பணத்தோடு நடக்கும் தமக்குத் துணையாக அதை உருவாக்கினார். ராட்வீலரோ கசாப்புக்காரர்களின் மாடுகளை ஓட்டியும் வண்டி இழுத்தும் பிழைத்த பிராணி.

அச்சத்தை விலைக்கு வாங்குவோரில் துஷ்டர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் கோட்டயத்தில் கஞ்சா விற்பனையைத் துப்பறிந்து சென்ற போலீஸார், காக்கி உடை கண்டால் கடிக்கும்படி பழக்கப்பட்ட நாய்கள் நிறைந்த ஒரு வீட்டை எதிர்கொள்ள நேர்ந்தது. அந்தப் பாடத்தைக் கற்பித்தவன் மனிதன்.

சாதாரண வீடுகளில் நடப்பதும் வேறு வகையில் கொடுமையே. வாங்கிய சில மாதங்களில் நாய் வளர்ந்து பலம் பெற்றுவிட, அதை நடத்திச் செல்லும் வலிமை முதியவர்களுக்கு இராது. பகல் முழுவதும் கட்டியே போடுகிறார்கள். சங்கிலி எட்டும் தூரம் வரை அது ஓடி ஓடித் திரும்பியதில், செம்மண்ணில் புல் முளைக்காத அரைவட்டம் ஒன்று தேய்ந்து கிடக்கும். அந்நிய மனிதரையும் குழந்தைகளையும் சிநேகமாய் அறியாமலே வளர்ந்த அந்த ஜீவன், ஒரு நாள் சங்கிலி அறுந்தால் என்ன செய்யும்? 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியதை நாம் மறக்கலாகாது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே மத்திய அரசு 23 நாயினங்களின் இறக்குமதியையும் இனவிருத்தியையும் விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டோரைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இனத்தின் மேல் மட்டும் பழி போடுவதும் சரியன்று. ஆயிரக்கணக்கான நாய்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தனித்தனி நாய்களின் குணவேறுபாட்டில் இனத்தால் விளங்குவது ஏறத்தாழ 9 சதவீதமே என்று கண்டது. ஆனால் உடலின் அளவும், அதனால் தாடையின் வலுவும், பெரும்பாலும் இனத்தைப் பொறுத்தவை. சிறிய நாயின் கோபம் தழும்போடு போகும், பெரிய நாயின் கோபம் உயிரைக் கேட்கும்.

ஆகவே வாங்க நினைப்பவரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. 1998ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து விதிகள் கேட்கும் உரிமத்தையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறாது பெறுங்கள். அதற்கும் முன்பு, அந்த நாயைத் தினமும் கையில் பிடித்து நடத்தக்கூடியவர் வீட்டில் யார் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால், வாங்காதீர்கள்.