குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு கிணறு

சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டருகே ஒரு வீட்டு போர்த் தண்ணீரைச் சோதித்துக் குளோரைடு அதிகம் என்று அறிக்கை வந்தால் போதும், இரண்டு தரப்பு கிளம்பிவிடும். குப்பைச் சாறு நிலத்தடிக்கு இறங்கிவிட்டது என்பார்கள் ஒரு சாரார். பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கடலும் தூரமில்லை, இங்கே தண்ணீர் உவர்ப்பது இயல்புதான் என்பார்கள் மறு சாரார். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் மறுக்க முடியாது. குளோரைடோடு அமோனியாவும் பொட்டாசியமும் உயர்ந்திருந்தால் சந்தேகம் குப்பை மேல் திரும்பும். ஆனால் சாக்கடையும் கிட்டத்தட்ட இதே கைரேகையைத்தான் விட்டுச் செல்கிறது. வழக்கு தீர வேண்டுமானால், குப்பை தொடாத தண்ணீர் எப்படியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எனவே குப்பைமேட்டைக் கடந்து நீர் போகும் பக்கத்துக் கிணற்றைவிட, அதை நோக்கி நீர் வரும் பக்கத்துக் கிணறுதான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி.

எது வரும் பக்கம், எது போகும் பக்கம் என்பதைத் தரையின் சரிவைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளிலாவது ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து, கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால்தான் ஓட்டம் பிடிபடும். பள்ளிக்கரணை வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. அதற்காக நிலத்தடி நீரும் அதே வழியில் போகும் என்று சொல்ல முடியாது. அடுக்குமாடிகளின் மோட்டார்கள் இழுக்கும் பக்கம் அது திரும்பலாம். ஐப்பசி மழையில் ஒரு மாதிரி, சித்திரையில் வேறு மாதிரி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பைநிலத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என மூன்று பருவங்களிலும் நீரைச் சோதிக்கச் சொன்னது இந்த வகையில் சரி. குப்பை கொட்டத் தொடங்கும் முன்பே நீரின் தரத்தைப் பதிந்து வைக்கவும் அவை சொல்லியிருந்தன. பல பத்தாண்டுகளாகக் கொட்டிய இடங்களில் அந்த வாய்ப்பு என்றைக்கோ கைநழுவிவிட்டது. அதற்கு ஈடாக மிஞ்சியிருப்பது நீர் வரும் பக்கத்துக் கிணறு மட்டுமே.

தெருவுக்குத் தெரு போர் இருக்கிறதே, அரசுப் பணத்தில் தனியாக ஒரு கண்காணிப்புக் கிணறு எதற்கு என்று கேட்கலாம். தென்சென்னையில் அடியில் கிடப்பது சார்னோகைட் என்ற கடினப் பாறை. வீட்டு போரில் மேல்மண்ணுக்குக் கேசிங் இறக்கிவிட்டுப் பாறையை அப்படியே திறந்து விடுகிறார்கள். பல ஆழத்து வெடிப்புகளின் நீர் அதில் கலந்து வருவதால், ஒரு வெடிப்பில் வரும் கெட்ட நீர் மற்றதில் கரைந்து மறைந்துவிடும். கண்காணிப்புக் கிணறு வேறு சாதி. ஏறக்குறைய இரண்டு அங்குல பிவிசி குழாய், குறித்த ஆழத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள், அதைச் சுற்றிக் கழுவிய மணல், மணலுக்கு மேல் நீர் பட்டதும் ஊதி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண், அதற்கு மேல் தரைவரை சிமென்ட் பால், தலையில் பூட்டு. குழாய்களைப் பசை போட்டு ஒட்டக்கூட மாட்டார்கள், மறை திருகித்தான் இணைப்பார்கள். பசையின் ரசாயனம் மாதிரியில் ஏறிவிட்டால் குப்பை மேல் வீண் பழி விழும். மாதிரி எடுக்கும் முன், குழாயில் தேங்கிய நீரைப்போல் மூன்று மடங்கை வெளியேற்றுவது வழக்கம்.

துளை போடுவதே மேல்மண்ணில் நிற்கும் சாற்றுக்குக் கீழே இறங்க வழி திறந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் குப்பைக்குள் துளைக்காமல் எல்லைக்கு வெளியே துளைக்க வேண்டும். ஆழப் போவதானால் மேலடுக்கை முதலில் கேசிங் போட்டு அடைத்துவிட்டே போக வேண்டும். பெருங்குடியில் பயோமைனிங் முறையில் பழைய குப்பையை அகற்றி வருகிறார்களே, பிறகு கிணறு எதற்கு என்ற கேள்வியில் அவ்வளவு வலு இல்லை. மேலே இருப்பதைத்தான் இயந்திரம் அள்ளுகிறது. ஏற்கெனவே இறங்கிய சாறு கீழேயே இருக்கும்; அமோனியா களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும். மூடிய குப்பைநிலத்தையே குறைந்தது 15 ஆண்டுகள் கவனிக்கச் சொல்லியிருந்தன 2016 விதிகள். பெருங்குடியை ஒட்டிக் கிடப்பதோ 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். உங்கள் பகுதி நிலத்தடி நீர் அறிக்கை அடுத்த முறை கைக்கு வந்தால், எண்ணைப் பார்க்கும் முன் எந்தக் கிணறு, என்ன ஆழம், எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்த மூன்றும் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.